பட்டியல் வரவில்லை, வந்தாலும் வேலை செய்யவில்லை: பல இயங்குதளக் கணினியின் பூட் கோளாறுகள்

ஒரே கணினியில் விண்டோஸும் ஒன்றிரண்டு லினக்ஸும் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தொடக்கத்தில் எது தவறினாலும் பென் டிரைவைச் செருகி, லினக்ஸோடு வரும் தொடக்க நிரலான கிரப்பை மறுபடி நிறுவிவிடுவார்கள். சில நேரம் அது சரியாகிவிடும், ஏன் சரியானது என்று மட்டும் தெரியாது. சில நேரம் இருந்ததும் கெட்டுப்போகும். கணினி எதுவரை வந்து நின்றது என்று பார்த்தாலே கோளாறு யாருடையது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது தெரிந்த பிறகுதான் எந்த பூட் மேலாளர் நமக்கு ஒத்துவரும் என்ற கேள்விக்கே பொருள் உண்டு.

கட்டங்கள் நான்கு. முதலில் தாய்ப்பலகையிலேயே இருக்கும் நிரலான ஃபர்ம்வேர், அதாவது யூஇஎஃப்ஐ அல்லது பழைய பயாஸ். அடுத்து, எதைத் தொடங்குவது என்று கேட்கும் பூட் மேலாளர். மூன்றாவது, இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் பூட் லோடர். கடைசியில் கெர்னலும் இயங்குதளமும். கிரப் இரண்டாவது, மூன்றாவது வேலைகளைச் சேர்த்தே செய்கிறது. ரீஃபைண்ட், சிஸ்டம்டி-பூட் என்ற வேறு இரண்டு மேலாளர்களும் தேர்வு செய்வதோடு நின்று, தொடங்க வேண்டியதை ஃபர்ம்வேர் வழியாக எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. கிரப்பின் பலமும் அதன் பெரும்பாலான கோளாறுகளும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

கை வைப்பதற்கு முன் மூன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லினக்ஸ் லைவ் பென் டிரைவ் (நிறுவாமலே அதிலிருந்து லினக்ஸை இயக்கலாம்), ஒரு விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ், விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி. சாவியைக் காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது. கணினிக்குள்ளேயே சேமித்து வைத்த சாவியால் பூட்டிய கணினியைத் திறக்க முடியாது. கீழே கட்டளைகளை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரு சோதனையும் உண்டு. விண்டோஸும் லினக்ஸும் ஒரே முறையில் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். லினக்ஸில் சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் அது யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கியிருக்கிறது. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்ற கருவியில் பயாஸ் மோட் என்ற வரி அதைச் சொல்லும். ஒன்று யூஇஎஃப்ஐ, மற்றொன்று லெகசி (பழைய பயாஸ் முறை) என்றால் ஒரே கிரப் பட்டியலிலிருந்து இரண்டையும் தொடங்க முடியாது. பூட் மேலாளரை மாற்றியும் பெரும்பாலும் பயனில்லை. லைவ் பென் டிரைவிலும் இதே கவனம் வேண்டும். பல ஃபர்ம்வேர்கள் ஒரே பென் டிரைவை இரண்டு முறை காட்டும். யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேராக விண்டோஸ் வந்துவிடுகிறது

நேற்றுவரை கிரப் பட்டியல் வந்தது, இன்று விண்டோஸ் மட்டும் வருகிறது. பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகும் பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகும் இது வழக்கம். "விண்டோஸ் என் லினக்ஸை அழித்துவிட்டது" என்று பதறுவார்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. யூஇஎஃப்ஐ கணினியில் ஒவ்வொரு இயங்குதளத்தின் லோடரும் இஎஸ்பி என்ற சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் தனித்தனிக் கோப்புறையில் இருக்கிறது. எதை முதலில் தொடங்குவது என்ற வரிசை மட்டும் தாய்ப்பலகையின் நினைவில் இருக்கிறது. மாறியது அந்த வரிசைதான்.

கணினியை இயக்கியதும் எஃப்12, எஃப்8, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையை அழுத்தினால் ஃபர்ம்வேரின் சொந்தப் பட்டியல் வரும். விசை பிடிபடவில்லை என்றால் விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் நீலத் திரையில் யூஸ் எ டிவைஸ் என்பதைத் திறக்கலாம். அங்கே உங்கள் லினக்ஸின் பெயர் இருந்து, அதைத் தேர்ந்தெடுத்தால் தொடங்குகிறது என்றால் ஃபர்ம்வேர் அமைப்பில் அதை மேலே நகர்த்துங்கள். வேலை முடிந்தது, எதையும் மறுபடி நிறுவ வேண்டாம். லினக்ஸுக்குள் இருந்தே செய்ய வேண்டுமானால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை பதிவுகளை எண்களோடு காட்டும். ஓ என்ற தெரிவுடன் நீங்கள் விரும்பும் வரிசையில் அந்த எண்களைக் கொடுத்தால் போதும்.

பட்டியலில் பெயரே இல்லை என்றால் பதிவு அழிந்திருக்கிறது, கோப்பு இன்னும் இருக்கலாம். லைவ் பென் டிரைவில் தொடங்கி இஎஸ்பியை மவுண்ட் செய்து (கோப்புறைபோல் இணைத்து), இஎஃப்ஐ கோப்புறைக்குள் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற பெயர்களைத் தேடுங்கள். இருந்தால் அதே இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையில் சிறிய சி தெரிவுடன் வட்டு, பார்ட்டிஷன் எண், பெயர், ஷிம்எக்ஸ்64 கோப்பின் (கிரப்புக்கு முன் ஓடும் சிறு லோடரான ஷிம்) பாதை ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவை மறுபடி உருவாக்கலாம்.

பிடிவாதமான ஃபர்ம்வேர்களும் இருக்கின்றன. எவ்வளவு மாற்றினாலும் அடுத்த முறை விண்டோஸ் பூட் மேனேஜரையே மேலே ஏற்றி வைப்பவை இவை. அவற்றுக்காகக் கிரப்-இன்ஸ்டால் கட்டளையில் ரிமூவபிள் என்ற தெரிவு இருக்கிறது. அது பென் டிரைவுகளுக்காக ஒதுக்கப்பட்ட பொதுப் பாதையில், இஎஃப்ஐ கோப்புறைக்குள் உள்ள பூட் கோப்புறையில், பூட்எக்ஸ்64 என்ற பெயரில் கிரப்பை வைத்துவிடும். பெயர்ப் பதிவு இல்லாவிட்டாலும் அந்த வட்டைத் தேர்ந்தெடுத்தால் ஃபர்ம்வேர் அந்தப் பாதையைத் தேடும். விண்டோஸின் சொந்த லோடர் கோப்பை நீக்கி அதே பெயரில் கிரப்பை வைக்கும் குறுக்கு வழி ஒன்றும் சுற்றி வருகிறது. வேண்டாம். அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பு தன் கோப்பைத் திரும்ப வைக்கும், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

கிரப் வருகிறது, விண்டோஸ் பெயரைக் காணோம்

இது பெரும்பாலும் கோளாறே அல்ல, இயல்பு அமைப்பு. 2021இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் முடக்கப்பட்டே வருகிறது. அது ஒவ்வொரு பார்ட்டிஷனையும் ரூட் அதிகாரத்துடன் மவுண்ட் செய்து பார்ப்பதால் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது காரணம். ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பைத் திறந்து, கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர் என்ற வரிக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுங்கள். கோப்பில் இந்த வரியின் பெயர் மட்டும் பேரெழுத்தில் இருக்கும். ஓஎஸ்-புரோபர் பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு டெபியன், உபுண்டு வகைகளில் அப்டேட்-கிரப் கட்டளை, மற்றவற்றில் கிரப்-எம்கேகான்ஃபிக் அல்லது கிரப்2-எம்கேகான்ஃபிக்.

அப்படியும் வரவில்லை என்றால் மேலே சொன்ன முறைக் கலப்பைச் சோதியுங்கள். அடுத்த சந்தேகம் ஃபர்ம்வேரில் சேமிப்பு முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருப்பது. அந்த நிலையில் பல கணினிகளில் லினக்ஸுக்கு வட்டே தெரியாது. ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் அவசரமாக மாற்றிவிட்டு விண்டோஸைத் தொடங்கினால் நீலத் திரையில் இனாக்சசிபிள் பூட் டிவைஸ் என்று வரும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, மறுதொடக்கத்தின்போது முறையை மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை தொடங்கிய பிறகு வழக்கத்துக்குத் திரும்புங்கள்.

இரண்டாவது லினக்ஸ் திடீரெனத் தொடங்க மறுக்கிறது

பட்டியலில் பெயர் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் கோப்பைக் காணோம் என்றும் முதலில் கெர்னலை ஏற்ற வேண்டும் என்றும் பிழைச் செய்தி வருகிறது. கிரப்பை எல்லோருக்கும் மேலாளராக வைத்திருப்பவர்கள் சீக்கிரமோ தாமதமாகவோ சந்திப்பது இது.

நடப்பது இதுதான். முதல் லினக்ஸின் கிரப், பட்டியலைத் தயாரித்த நாளில் இரண்டாவது லினக்ஸின் கெர்னல் பெயர்களைப் படித்துத் தன் கோப்பில் நகலெடுத்துக்கொண்டது. அதன் பிறகு இரண்டாவது லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பழைய கெர்னலை நீக்கியது. அந்தச் செய்தி முதல் கிரப்புக்கு எட்டவில்லை, எட்டவும் வழியில்லை. முதல் லினக்ஸுக்குள் போய்ப் பட்டியலை மறுபடி தயாரித்தால் அன்றைக்குச் சரியாகும். அடுத்த கெர்னல் வந்ததும் மறுபடி இதே கதை.

நிலையான தீர்வு கெர்னலைச் சுட்டாமல் லோடரைச் சுட்டுவது. ஈடிசி கோப்புறைக்குள் கிரப்.டி, அதில் 40_கஸ்டம் என்ற கோப்பு இருக்கிறது. அதில் ஒரு மெனுஎன்ட்ரி எழுதி, சர்ச் கட்டளையால் இஎஸ்பியை அதன் யூயூஐடி என்ற அடையாள எண் கொண்டு கண்டுபிடித்து, மற்றொரு லோடரை அழைக்கும் செயின்லோடர் கட்டளையால் இரண்டாவது லினக்ஸின் ஷிம்எக்ஸ்64 கோப்புக்கு வழிகாட்டுங்கள். இனி அந்த லினக்ஸ் தன் கெர்னல்களைத் தன் கிரப்பில் தானே பார்த்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களும் அதன் லோடர் கோப்பை இதே முறையில் சேர்க்கலாம்.

உபுண்டுவையும் லினக்ஸ் மின்ட்டையும் சேர்த்து வைத்திருந்தால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்ட்டும் இஎஸ்பியில் உபுண்டு என்ற கோப்புறைப் பெயரையே பயன்படுத்துகிறது. இரண்டும் மாறி மாறி ஒன்றன் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும்; கடைசியாகப் புதுப்பித்தது எதுவோ அதன் பட்டியல் வரும். தனித்தனி வட்டும் தனித்தனி இஎஸ்பியும் இருந்தால் ஒழிய, ஒன்றின் கிரப்புக்கு மட்டும் பொறுப்பைக் கொடுத்துவிடுவதே மேல். பட்டியலை அவ்வப்போது தயாரிக்கும் தொல்லை இங்கே தவிர்க்க முடியாதது.

கரிய திரையில் கிரப் என்று மட்டும் நிற்கிறது

இரண்டு வகை உண்டு; வேறுபாட்டைக் கவனியுங்கள். வெறும் கிரப் என்று நின்றால் கிரப் முழுதாக ஏறிவிட்டது, பட்டியல் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. கிரப் ரெஸ்க்யூ என்று நின்றால் தன் துணைக் கோப்புகளே அதற்குக் கிடைக்கவில்லை. பார்ட்டிஷனை அழித்தது, நகர்த்தியது, ஃபார்மேட் செய்ததால் யூயூஐடி மாறியது ஆகியவைதான் பொதுவான காரணங்கள்.

எல்எஸ் என்று தட்டினால் வட்டுகளும் பார்ட்டிஷன்களும் அடைப்புக்குறிக்குள் வரும். ஒவ்வொன்றின் முன்னும் எல்எஸ் கொடுத்து, எதில் பூட் கோப்புறைக்குள் கிரப் கோப்புறை இருக்கிறது என்று தேடுங்கள். பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் நேரடியாக கிரப் கோப்புறையே தெரியும். ஃபெடோராவில் அதன் பெயர் கிரப்2. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்தும் உபுண்டு போன்றவற்றில் பாதைக்கு முன்னால் அட் குறி ஒன்று சேரும். பலர் தடுமாறும் இடம் அதுதான். கண்டுபிடித்த பிறகு, வெறும் கிரப் நிலையில் கான்ஃபிக்ஃபைல் என்று எழுதிப் பட்டியல் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். ரெஸ்க்யூ நிலையில் செட் கட்டளையால் ரூட்டுக்கு அந்தப் பார்ட்டிஷனையும், பிரீஃபிக்ஸுக்கு கிரப் கோப்புறையின் முழுப் பாதையையும் கொடுங்கள். பிறகு இன்ஸ்மாட் நார்மல் என்றும், அடுத்த வரியில் நார்மல் என்றும் தட்டுங்கள்.

இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. லினக்ஸுக்குள் நுழைந்ததும் கிரப்-இன்ஸ்டாலும் பட்டியல் தயாரிப்பும் செய்யாவிட்டால் அடுத்த முறையும் இதே திரைதான்.

லினக்ஸை வேண்டுமென்றே அழித்துவிட்டு இந்தத் திரையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஃபர்ம்வேர் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினால் தீர்ந்தது. பூட்ரெக் கட்டளையில் ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுங்கள் என்று சொல்லும் பழைய குறிப்புகள் பயாஸ் காலத்தவை. அது எம்பிஆரில், அதாவது வட்டின் முதல் 512 பைட்டில் உள்ள தொடக்க நிரலை மாற்றி எழுதும். யூஇஎஃப்ஐ அந்த நிரலை இயக்குவதே இல்லை. விண்டோஸ் லோடரே காணாமல் போயிருந்தால், நிறுவல் பென் டிரைவின் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் மூலம் இஎஸ்பிக்கு எஸ் போன்ற ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் கோப்புறையையும் அந்த எழுத்தையும் யூஇஎஃப்ஐ என்ற வகையையும் குறிப்பிடுங்கள். விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அந்தத் திரையில் சி என்ற எழுத்து இல்லாமல் போகலாம், முதலில் சரிபாருங்கள்.

பாதுகாப்பு மீறல் என்று சொல்லி அணைந்துவிடுகிறது

2024 ஆகஸ்டு மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு பலருடைய லினக்ஸ் தொடங்கவில்லை. ஷிம்மின் எஸ்பேட் (பதிப்பு அடையாள) தரவைச் சரிபார்க்க முடியவில்லை, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியோடு கணினி அணைந்தது. ஓட்டை உள்ள பழைய ஷிம், கிரப் பதிப்புகளைத் தடுக்கும் பட்டியலை அந்தப் புதுப்பிப்பு ஃபர்ம்வேரில் எழுதியிருந்தது. தடுப்பு நியாயமானதே. ஆனால் லினக்ஸோடு சேர்த்து நிறுவியவர்களை அது தொடாது என்று சொல்லப்பட்டிருந்தது, தொட்டுவிட்டது.

இன்றும் பழைய லைவ் பென் டிரைவைச் செருகினால் இதே செய்தி வரலாம். புதிய வெளியீட்டைப் பென் டிரைவில் எழுதுவதே எளிய வழி. நிறுவிய லினக்ஸ் மாட்டிக்கொண்டால், கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக முடக்கி உள்ளே போய், ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பியுங்கள். மோக்யூடில் கட்டளையில் செட்-எஸ்பேட்-பாலிசி என்ற தெரிவுக்கு டிலீட் கொடுத்து, ஒரு முறை லினக்ஸுக்குள் மறுதொடக்கம் செய்து, பிறகு செக்யூர் பூட்டை இயக்குங்கள்.

ரீஃபைண்டை நிறுவியதும் இப்படித் தடுக்கப்பட்டால் காரணம் வேறு: அதன் கையொப்பச் சாவி உங்கள் கணினிக்குத் தெரியாது. ஷிம்மோடு சேர்த்து நிறுவி, முதல் தொடக்கத்தில் வரும் மோக் மேலாளர் (கணினி உரிமையாளரின் சாவிகளைப் பதியும் கருவி) திரையில் சாவியைப் பதிய வேண்டும். அந்த நீலத் திரை சில நொடிகளே காத்திருக்கும். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கிறது

பிட்லாக்கர் தன் சாவியைக் கணினியின் பாதுகாப்புச் சில்லான டிபிஎம்மில் வைத்து, தொடக்கச் சங்கிலி முன்பு இருந்தபடியே இருந்தால்தான் வாங்கிக்கொள்கிறது. செக்யூர் பூட்டை மாற்றினாலும் கிரப் வழியாக விண்டோஸுக்குள் போனாலும் சங்கிலி மாறுகிறது, 48 இலக்கம் கேட்கிறது. நீங்கள் பிட்லாக்கரை இயக்கவே இல்லை என்றாலும் உறுதியாக இருக்காதீர்கள். விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் குறியாக்கம் தானாகவே இயங்கக்கூடும். சாவி அந்தக் கணக்கில் கிடைக்கும்.

ஃபர்ம்வேரிலோ இஎஸ்பியிலோ எதைத் தொடுவதற்கு முன்னும் விண்டோஸில் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் சாவி கேட்டால், விண்டோஸை கிரப் வழியாகத் தொடங்குவதை விட்டுவிடுங்கள். லினக்ஸில் இருந்துகொண்டே இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையில் சிறிய என் தெரிவுடன் விண்டோஸின் எண்ணைக் கொடுத்தால் அடுத்த தொடக்கம் மட்டும் நேரே விண்டோஸுக்குப் போகும், சங்கிலியில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

இஎஸ்பியில் இடமில்லை

விண்டோஸ் நிறுவி பொதுவாக இஎஸ்பிக்கு 100 எம்பிதான் ஒதுக்குகிறது. கிரப் தன் கெர்னல்களை லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே படிக்கத் தெரிந்தது, ஆகவே அதற்கு அந்த இடம் போதும். சிஸ்டம்டி-பூட்டுக்கு அந்தத் திறன் இல்லை. கெர்னலும் அதன் தொடக்கத் துணைக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸும் ஃபர்ம்வேர் படிக்கக்கூடிய பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். இரண்டாவது கெர்னல் வரும்போது இடம் தீர்ந்து புதுப்பிப்பு பாதியில் நிற்கும். எக்ஸ்பூட்எல்டிஆர் என்ற கூடுதல் பூட் பார்ட்டிஷன் வகையில் 1 ஜிபி பார்ட்டிஷன் ஒன்றை அதே வட்டில் உருவாக்கி, கெர்னல்களை அங்கே மாற்றுங்கள். இஎஸ்பியை இழுத்துப் பெரிதாக்கும் முயற்சியில் இறங்காதீர்கள். அதற்கு அடுத்தே விண்டோஸ் பார்ட்டிஷன்கள் உட்கார்ந்திருக்கும்.

பூட் மேலாளரின் தலையில் விழும் வீண்பழிகள்

ஸ்பார்ஸ் ஃபைல் நாட் அலௌட் என்று ஒரு வரி வந்து, விசையை அழுத்தினால் தொடங்கிவிடுகிறதா? பிடிஆர்எஃப்எஸ் மீது கடைசித் தேர்வை எழுதி வைக்க கிரப்பால் முடியவில்லை, அவ்வளவுதான்; கிரப்_சேவ்டிஃபால்ட் வரியை நீக்குங்கள். தேர்ந்தெடுத்த பிறகு திரை கறுப்பானால் அது கெர்னலும் கிராஃபிக்ஸ் டிரைவரும் சம்பந்தப்பட்டது. அந்தப் பட்டியல் வரியில் ஈ விசையை அழுத்தி நோமோட்செட் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸால் எழுத முடியவில்லை என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை முடக்குங்கள். இயங்குதளம் மாறும்போதெல்லாம் கடிகாரம் தவறினால், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் தாய்ப்பலகையில் எழுதுகின்றன என்று பொருள். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் மதிப்பை 1 ஆக்கலாம்.

எதை வைத்துக்கொள்வது

என் கருத்து இது: ஒவ்வோர் இயங்குதளமும் தன் லோடரைத் தானே வைத்திருக்கட்டும், மேலே இருப்பவர் தேர்வு மட்டும் கேட்கட்டும். மேலே சொன்ன கோளாறுகளில் பாதி, ஓர் இயங்குதளம் மற்றொன்றின் விவரங்களை நகலெடுத்து வைத்திருப்பதால் வருபவை.

விண்டோஸும் ஒரே லினக்ஸும் இருந்து, எப்போதாவதுதான் மாறுவீர்கள் என்றால் ஃபர்ம்வேர் பட்டியலே போதும். அதைவிடக் கெடாத பூட் மேலாளர் கிடையாது. மூன்று நான்கு இயங்குதளங்கள், அடிக்கடி புதிதாக ஒன்றை நிறுவிப் பார்க்கும் பழக்கம் என்றால் ரீஃபைண்ட். பழைய ரீஃபிட்டிலிருந்து ராடரிக் ஸ்மித் 2012இல் பிரித்து வளர்த்தது அது. ஒவ்வொரு தொடக்கத்திலும் வட்டுகளைப் புதிதாகத் தேடிப் பார்ப்பதால் பழைய பட்டியல் என்ற சிக்கலே இல்லை. தேவையற்ற பெயர்களையும் காட்டி எரிச்சலூட்டும், ஆனால் டிலீட் விசையால் மறைக்கலாம். ஒரே லினக்ஸ், பெரிய இஎஸ்பி, எளிமை வேண்டும் என்பவர்களுக்கு சிஸ்டம்டி-பூட் நல்லது. விண்டோஸ் அதே இஎஸ்பியில் இருந்தால் தானாகக் காட்டும். வேறு வட்டில் இருந்தால் காட்டாது.

கிரப்பை விடவே முடியாத இடங்களும் உண்டு. பயாஸ் முறைக் கணினிகளில் ரீஃபைண்டும் சிஸ்டம்டி-பூட்டும் உதவாது. பூட் கோப்புறையையும் சேர்த்துக் குறியாக்கம் செய்தவர்களுக்கும், பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்க விரும்புபவர்களுக்கும் கிரப்தான். அங்கேயும் அது தன் இயங்குதளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றவற்றைச் செயின்லோடரிடம் விட்டால் தொல்லை குறைவு.

நீக்கிய இயங்குதளத்தின் பெயர் போக மறுக்கிறது

பார்ட்டிஷனை அழித்தாலும் இஎஸ்பியில் அதன் கோப்புறையும் ஃபர்ம்வேரில் அதன் பதிவும் தங்கிவிடும். முதலில் இஎஸ்பியில் அந்தக் கோப்புறையை நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கோப்புறையையும் பூட் கோப்புறையையும் தொடாதீர்கள். பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையில் சிறிய பி தெரிவுக்கு அந்தப் பதிவின் நான்கு இலக்க எண்ணையும், அதன் பின் பெரிய பியையும் கொடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் சில ஃபர்ம்வேர்கள் மிஞ்சியிருக்கும் கோப்பைக் கண்டு பதிவை மறுபடி உருவாக்கிவிடும்.